காதால் பார்த்த படங்கள்

(ஆரணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'பொற்காலத் தமிழ்ச் சினிமா' என்று தலைப்புக் கொடுத்துக் கூப்பிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது, அந்தப் படங்களில் பாதியை நான் பார்த்ததே கிடையாது. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' வந்தபோது நான் பிறக்கவே இல்லை. 'மனோகரா'வை முழுதாகப் பார்த்தது தொலைக்காட்சியில், தலை நரைக்கத் தொடங்கிய வயதில். ஆனால் இரண்டு படத்தின் வசனத்தையும் எட்டு வயதில் பள்ளிக்கூட மேடையில் ஒப்பித்துப் பென்சில் பெட்டி பரிசு வாங்கியிருக்கிறேன். எங்கே மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும், எங்கே குரலை இறக்கிப் பிறகு ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அத்துபடி. பார்க்காத படம் எப்படி மனப்பாடம் ஆனது? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். தலைப்பிலிருந்து கொஞ்சம் நழுவுகிறேன் என்று அமைப்பாளர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆரணிக்காரர்களுக்குத் தறியைப் பற்றிச் சொல்வது திருப்பதியில் லட்டு விற்பது மாதிரி. மாணவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. நெய்பவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிப்பார். ஒரு கை குறுக்கு நூல் தாங்கிய நாடாவை ஓட்டும், மறு கை பலகையை இழுத்து அடிக்கும். கண் பாவின், அதாவது நெடுக்கு இழைகளின், மேலேயே இருக்கும். ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று அறுந்தாலும் அந்தக் கணமே தெரிய வேண்டும். தெரியாமல் நாலு விரற்கடை நெய்துவிட்டால் சேலையில் கோடு விழுந்துவிடும். ஆகக் கண்ணுக்கு வேலை, கைக்கு வேலை, காலுக்கு வேலை. அந்த வீட்டில் சும்மா இருந்தது காது ஒன்றுதான்.

அந்தக் காதுக்குள்தான் சினிமா வந்து குடியேறியது.

தெற்குச் சுவரில் ஒரு மாடம். அதில் வால்வு ரேடியோ. திருகினால் உடனே பாடாது. உள்ளே பச்சைக் கண் மெல்ல விரிந்து, சூடேறி, கரகரத்து, பிறகுதான் குரல் வரும். அதற்குத் தபால் ஆபீஸில் லைசென்ஸ் புத்தகம் வேறு. எங்கள் வீட்டுக்கு அது வருவதற்கு முன்பு எதிர்வீட்டு ரேடியோவைத்தான் கேட்டோம். எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர், தெருவுக்கே கேட்கும்படி வைப்பார். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் நாடாவுக்கான தார் சுற்றிக்கொண்டிருப்பேன். ரேடியோவில் ஒலிச்சித்திரம் போடுவார்கள், படத்தின் பேச்சும் பாட்டும் மட்டும். பேச்சு மும்முரமாகும் இடம் வந்தால் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், தறியை நிறுத்தாமலே சொல்வார்: "டேய், ராட்டையை நிறுத்துடா."

ஒருநாள் கேட்டேன்: "நைனா, நீ இந்தப் படம் பாத்திருக்கியா?"

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது அதுல? அதான் கேட்டுகினு இருக்கறமே."

அந்தப் பதிலின் அர்த்தம் எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆனது. நடுவில் கல்லூரிக்குப் போனேன். அங்கே கெட்டிக்கார நண்பர்கள் கிடைத்தார்கள். சினிமா கண்ணுக்கான கலை, தமிழ்ப் படம் சினிமாவே இல்லை, கேமராவை முன்னால் வைத்து எடுத்த நாடகம், ஆளாளுக்கு நின்று பேசுகிறார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். நானும் நம்பினேன், விடுமுறையில் வீட்டுக்கு வந்து அதையே நைனாவிடம் ஒப்பித்தேன். அவர் நாடாவை ஓட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்ப நான் எப்படா பாக்கறது?" என்றார்.

இன்று அவர் சார்பில் பேசத்தான் வந்திருக்கிறேன். அந்தக் காலத்துத் தமிழ்ப் படம் பேசிக்கொண்டே இருந்தது உண்மை. ஆனால் அது குறை என்று சொல்பவர்கள் தறிக்குழியில் உட்கார்ந்து பார்க்காதவர்கள்.

முதலில் பெயரையே பாருங்கள். இங்கே சினிமாக் கொட்டகைக்கு என்ன பெயர்? டாக்கீஸ். ஊர் ஊராகப் போனது டூரிங் டாக்கீஸ். உலகத்தின் மற்ற இடங்களில் 'பேசுவது' என்ற அடைமொழி சில வருஷத்தில் தேய்ந்து போனது. நம் ஊரில் அது பெயர்ப் பலகையிலேயே அரை நூற்றாண்டு தங்கிவிட்டது. 1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார். ஒருவர் மொழி இன்னொருவருக்குப் புரிந்ததா என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. திரை பேசுகிறது, பாடுகிறது, அது போதும். அடுத்த மூன்று வருஷத்தில் தியாகராஜ பாகவதரின் 'பவளக்கொடி' ஐம்பது பாட்டுகளோடு வந்தது. ஐம்பது! படத்தில் பாட்டா, பாட்டில் படமா என்று கேட்கலாம்.

இந்தப் பேச்சு மோகம் நாடக மேடையிலிருந்து வந்தது என்று புத்தகங்கள் எழுதுகின்றன. சங்கரதாஸ் சுவாமிகள், பாய்ஸ் கம்பெனிகள், நவாப் ராஜமாணிக்கம், டி.கே.எஸ். சகோதரர்கள். அது சரிதான். ஆனால் நம் பக்கத்துக்கு இன்னும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத பெரிய கிராமம் எது? பங்குனி சித்திரையில் பாரதம் வைத்தால் பகலெல்லாம் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார், இரவெல்லாம் கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம். மைக் வருவதற்கு முன்பு ஊர்க் கோடி வரை கேட்கக் குரல் விட வேண்டும். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தான் யார், எந்த நாட்டுக்கு ராஜா, என்ன செய்தவன் என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டுத்தான் முகம் காட்டுவார். முகத்துக்கு முன் குரல். புரிசை கண்ணப்ப தம்பிரானின் குரலை நேரில் கேட்டவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். அந்தக் குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி எதிர்த் திண்ணையில் போய் இடிக்கும். இப்படிப் பழகிய காதுக்கு 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சி புதியதாக இருந்திருக்காது. குற்றவாளிக் கூண்டில் நின்று, தான் யார், தனக்கு என்ன நேர்ந்தது என்று அடுக்கிச் சொல்லும் வேஷக்காரனை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

'பராசக்தி' என்றதும் நம் பழைய வடஆற்காடு மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஏவி.எம்மோடு சேர்ந்து அதைத் தயாரித்த நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் வேலூர்க்காரர். சிவாஜி கணேசன் ஒல்லியாக இருக்கிறான், பெயரில்லாதவன் என்று சிலர் தயங்கியபோது, கணேசன்தான் நடிப்பான் என்று விடாப்பிடியாக நின்றவர் அவர். சிவாஜி எவ்வளவு உயரத்துக்குப் போன பிறகும் பொங்கலுக்கு வேலூர் வந்து அவர் வீட்டில் சீர் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசகவதம்' எடுத்த நடராஜ முதலியாரும் வேலூரில் பிறந்தவரே. மௌனத்தைத் தொடங்கி வைத்ததும் நாங்கள்தான், அதைக் கலைத்ததும் நாங்கள்தான் என்று வேலூர்க்காரர்கள் பெருமை அடித்துக்கொள்ளட்டும். நமக்குப் பக்கத்து ஊர்தானே.

இப்போது வசனத்துக்கு வருகிறேன். அடுக்குமொழி என்று கேலி செய்வார்கள். மோனையும் எதுகையும் முட்டிக்கொண்டு வரும், ஒரு விஷயத்தை மூன்று விதமாகச் சொல்வார்கள், மனிதன் இப்படியா பேசுவான் என்பார்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். தறி ஓடும் வீட்டில் ரேடியோவை வையுங்கள். பலகை விழும்போதெல்லாம் ஒரு சொல் அடிபட்டுப் போகும். ஐந்து சொல்லுக்கு ஒரு சொல் காணாமல் போகும் வீட்டில் எந்தப் பேச்சு நிற்கும்? முதலெழுத்து ஒன்றி வரும் பேச்சில் ஒரு சொல் விழுந்தாலும் அடுத்த சொல் அதை இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஒரே கருத்தை மூன்று தரம் சொன்னால் ஒரு தரமாவது காதில் ஏறும். நீட்டி நிறுத்திச் சொன்னால் இரண்டு அடிக்கு நடுவே உள்ள இடைவெளியில் நுழைந்துவிடும். செய்யுளை ஏட்டில் எழுதி வைக்க வசதியில்லாத காலத்தில் நம் முன்னோர் மோனையும் எதுகையும் வைத்தது எதற்கோ, அதே காரியத்துக்குத்தான் இதுவும். சந்தை இரைச்சல், ஆலைச் சங்கு, தறிச் சத்தம், கொட்டகையில் அழும் குழந்தை எல்லாவற்றையும் தாண்டிப் போய்ச் சேர வேண்டிய பேச்சு அது. எண்பதுகளில் தமிழ்ப் படங்களில் முணுமுணுக்கும் வசனம் வந்தது. ரொம்ப நவீனம் என்றார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் காதில் விழவில்லை.

இந்தப் பேச்சை எழுதியவர்கள் யார், பாடியவர்கள் யார், பணம் போட்டவர்கள் யார் என்று கொஞ்சம் கிளறினால் வேறு ஒன்று தட்டுப்படும். 1949இல் 'வேலைக்காரி' எழுதிய அண்ணா காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைக் கட்டி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களுக்கு வித்திட்ட டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டு நூல் வணிகக் குடும்பத்துப் பிள்ளை. ஜவுளித் தொழில் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குக் கப்பல் ஏறியவர். நூல் படிக்கப் போய்ப் பிலிம் சுருளோடு முடிந்த கதை அது. டி.எம். சௌந்தரராஜன் மதுரை சௌராஷ்டிரக் குடும்பம், பட்டு நெசவையே மரபுத் தொழிலாகக் கொண்ட சமூகம். ஆரணியில் அவர்கள் மொழி பேசும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், ரேடியோவோடு சேர்ந்து பாடும்போது மட்டும் சுத்தமான செந்தமிழ். "எங்காளு பாடறான்" என்பாள். இதை வைத்துத் தமிழ்ச் சினிமாவே தறியிலிருந்து பிறந்தது என்று நான் கதை கட்டப் போவதில்லை. எண்ணெய்ச் செக்குக்காரர் சங்கத்தில் பேசினால் அவர்களுக்கும் நாலு பெயர் கிடைக்கும். ஆனால் தறிச் சத்தம் எப்படி இருக்கும் என்று அறிந்த காதுகள் அந்தத் தொழிலில் இருந்தன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

1952, 53இல் சென்னை மாகாணத்துக் கைத்தறி படாத பாடு பட்டது. துணி தேங்கியது, தறிகள் நின்றன, நெசவாளர்கள் ஊர் ஊராகக் கஞ்சித் தொட்டி தேடிப் போனார்கள். அண்ணாவும் அவர் கட்சிக்காரர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றது அப்போதுதான். மில் துணிக்கு வரி போட்டுக் கைத்தறிக்குக் கொடுக்கும் மத்தியச் சட்டம் 1953இல் வந்தது. நாலு வருஷம் கழித்து, 1957இல், கிருஷ்ணன் பஞ்சு இயக்கிய 'புதையல்' படத்துக்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் கைத்தறிச் சேலையைப் பற்றியே ஒரு முழுப் பாட்டு எழுதினார். நைனாவுக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும். "எழுதினவன் தறியண்ட உக்காந்து பாத்தவன்டா" என்பார். எழுதியவர் இருபத்தொன்பது வயதில் செத்துப்போனார் என்பது அவருக்குத் தெரிந்தபோது அன்று மத்தியானம் தறி ஓடவில்லை.

ரேடியோவைப் பற்றிப் பேசும்போது ஒரு மந்திரியைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியானார். சினிமாப் பாட்டு மலிவான சரக்கு, மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு சுருங்கி, ஏறக்குறைய நின்றே போனது. அந்த இடத்தை இலங்கை பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்புக்குப் பக்கத்தில் ஏகலவில் நிறுத்திய சிற்றலை ஒலிபரப்பி போர் முடிந்ததும் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது. ஜப்பான்காரனை விரட்ட வைத்த கம்பம் ஆரணிப் பட்டுச் சேலைக்குப் பாட்டுப் போட்டது. மயில்வாகனன் என்ற அறிவிப்பாளரின் குரல் எங்கள் வீட்டில் தாய்மாமன் குரல் மாதிரி. அவர் பாட்டை அறிமுகப்படுத்தும் விதத்திலேயே படத்தைப் பார்த்த மாதிரி ஆகிவிடும்: படத்தின் பெயர், எழுதியவர், இசை, பாடியவர். நான் சினிமாவின் வரலாறு படித்தது இப்படித்தான். டில்லி தோற்றுப்போய் 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கியது. அதற்குள் எங்கள் ரேடியோவின் முள் கொழும்பிலேயே துருப்பிடித்து நின்றுவிட்டது.

இந்த இடத்தில் என் கட்சிக்கு எதிராக ஒரு சாட்சியை நானே கூப்பிட வேண்டும். எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்'. 1954. பாட்டே இல்லை. ஒரு கொலை; அதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்; கேமரா நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே வேவு பார்க்கிறது. தமிழில் கண்ணால் யோசித்து எடுத்த படங்களில் அதற்கு முதல் வரிசை கொடுப்பேன். தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. கொட்டகையில் கூட்டம் கிடைக்கவில்லை. வேடிக்கை என்ன தெரியுமா? கதையில் சிவாஜி ரேடியோ என்ஜினியர். ரேடியோக்காரனைப் பற்றிய படத்தில் ரேடியோவில் போட ஒரு பாட்டு இல்லை. எங்கள் தெருவுக்கு அப்படி ஒரு படம் வந்ததே தெரியாது. காதையே நம்பி வாழ்ந்த ரசனைக்கு நாம் கொடுத்த விலை அது. அதை நான் மறைக்கவில்லை. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் தமிழே தெரியாமல் 'சகுந்தலை', 'மீரா', 'மந்திரி குமாரி' என்று எடுத்தார். காதில் மொழி ஏறாததால் கண்ணை மட்டும் நம்பினார். 'மீரா'வின் ஒளியமைப்பை இன்றும் வியக்கலாம். ஆனால் ஊர் ஞாபகம் வைத்திருப்பது எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலை.

சரி, கண் என்ன ஆனது? கண்ணுக்கும் ஒரு நாள் இருந்தது. பெரும்பாலும் அமாவாசை. தறிக்கு லீவு. ஊருக்கு வெளியே டூரிங் கொட்டகை. தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. நடுவில் ஆளுயரத் தட்டி, அந்தப் பக்கம் பெண்கள். மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவோம். ஒரே புரொஜக்டர், ஆகவே ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, முறுக்கு. ஆண்கள் சண்டையும் வசனமும் பேசிக்கொண்டு வீடு திரும்புவார்கள். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டு வந்தது வேறு. கரை எத்தனை விரல் அகலம்? முந்தியில் சரிகை எவ்வளவு? அது கோர்வைக் கரையா, சாதாக் கரையா? அடிக்கடி பெரிய வாக்குவாதம் நடக்கும், சேலை என்ன நிறம் என்று. படம் கறுப்பு வெள்ளை! அரக்கும் பாட்டில் பச்சையும் திரையில் ஒரே சாம்பல். ஆனாலும் மடிப்பு விழுவதைப் பார்த்து, வெளிச்சம் பட்டுத் திரும்புவதைப் பார்த்து, "அது அரக்குதான், பச்சை இப்படி மினுங்காது" என்று அத்தை அடித்துச் சொல்வாள். தப்பு என்று நிரூபிக்க யாரால் முடியும்?

1961இல் வந்தது 'பாலும் பழமும்'. பீம்சிங் இயக்கம், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு. அந்தப் படத்தில் சரோஜாதேவி ஒரு கட்டம் போட்ட சேலை கட்டி வந்தார். இரண்டு நிறம் மாறி மாறி வரும் சின்னச் சின்னக் கட்டம். கறுப்பு வெள்ளையில் நிறம் தெரியாது. ஆனால் கட்டம் தெரியும். ஒரு கட்டம் வெளுப்பு, ஒரு கட்டம் கறுப்பு, அவ்வளவு போதும். அடுத்த முகூர்த்தத்துக்கெல்லாம் ஜவுளிக் கடையில் பெண்கள் படத்தின் பெயரைச் சொல்லிச் சேலை கேட்டார்கள். 'பாலும் பழமும் கட்டம்' என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. என்ன நிறத்தில் வேண்டும் என்றால் அவரவர் இஷ்டம். படத்தில்தான் நிறம் கிடையாதே! மஞ்சளும் அரக்கும், பச்சையும் நீலமும், எது போட்டாலும் அது பாலும் பழமும்தான். வண்ணப் படமாக இருந்திருந்தால் ஒரே நிறத்தில் ஒரு வருஷம் ஓடி ஓய்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தக் கட்டத்தை நெய்வது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் தார் சுற்றிக் கொடுத்த சேலை அது. பாவு ஓடும்போதே இத்தனை இழை ஒரு நிறம், இத்தனை இழை மறு நிறம் என்று எண்ணி வைத்துவிட வேண்டும். அது நெடுக்குக்கு. குறுக்கே இரண்டு நாடா. ஒன்றில் ஒரு நிறத் தார், மற்றதில் இன்னொரு நிறம். இத்தனை ஓட்டு ஓட்டியதும் நாடாவை மாற்ற வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது, அடியும் ஒரே பதமாக விழ வேண்டும். பலகையை ஓங்கி அடித்தால் கட்டம் நசுங்கும்; தளர்த்தினால் நீளும். சதுரமாக விழுந்தால்தான் கட்டம். இல்லாவிட்டால் ஓட்டுவீடு மாதிரி இருக்கும். காலையில் பசியோடு அடிக்கிற அடியும் சாப்பிட்டுவிட்டு அடிக்கிற அடியும் ஒன்றாக இருக்க வேண்டும். இது எவ்வளவு கஷ்டம் என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் தலையாட்டுவதிலேயே தெரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒலிச்சித்திரம். எந்தப் படம் என்பது மறந்துவிட்டது. யாரோ யாரிடமோ அழுது மன்னிப்புக் கேட்ட இடம். நைனா நாடா மாற்றும் எண்ணிக்கையைத் தவற விட்டுவிட்டார். நாலு வரிசை கட்டம் போன பிறகுதான் கண்டுபிடித்தார். பேசாமல் குனிந்து ஒவ்வொரு ஊடையாக, அதாவது குறுக்கு இழையாக, உருவி எடுத்தார். பட்டு ஊடை, அவசரப்பட்டால் பாவும் போய்விடும். இருட்டும் வரை உருவினார். கோணலாகப் போயிருந்தால் முதலாளி கூலியில் பிடித்திருப்பார். அன்றைக்கு அம்மா ரேடியோவின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். மறுநாள் துண்டை எடுத்தது நைனாதான்.

வெகு நாள் கழித்து 'பாலும் பழமும்' படத்தை உட்கார்ந்து பார்த்தேன். கதை பலருக்கு ஞாபகம் இருக்கும். டாக்டரான சிவாஜி மனைவி இறந்துவிட்டாள் என்று நம்புகிறார். வேறு கல்யாணம் நடக்கிறது. விபத்தில் கண் போகிறது. இறந்ததாக நினைத்த மனைவி நர்ஸாக வேறு பெயரில் வந்து பணிவிடை செய்கிறாள். அவருக்கு முகம் தெரியாது, குரல் தெரியும். எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று தவிக்கிறார். சேலையால் பெயர் பெற்ற ஒரு படத்தில் கதாநாயகன் பாதி நேரம் அந்தச் சேலையைப் பார்க்கவே இல்லை! நைனா உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சிரித்திருப்பேன். அவர் அந்தச் சேலையை எத்தனையோ நெய்தார், படத்தைப் பார்க்கவில்லை. கதையும் பாட்டும் முழுக்கத் தெரியும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜவுளி படிக்கப் போன சுந்தரமே 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்துத் தமிழுக்கு முதல் முழு வண்ணப் படத்தைக் கொடுத்தார்; எழுபதுகளின் கடைசிக்குள் வண்ணம் மெல்ல மெல்லப் பெரும்பாலான படங்களுக்குப் பரவியது. 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது, ஆரணிக்குப் பின்னால் வந்தது. அது கண்ணைக் கேட்டது. தறிக்காரரிடம் கண் ஏது? இன்றும் நெசவுத் தெருவில் போய்ப் பாருங்கள். டி.வி. ஓடிக்கொண்டிருக்கும், நெய்பவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். சீரியலைக் கேட்டுக்கொண்டிருப்பார். யார் வில்லி என்று குரலை வைத்தே சொல்வார்.

படங்களின் கதி தெரியுமா? 'காளிதாஸ்' பிரதி இன்று இல்லை. 'கீசகவதம்' இல்லை. முப்பதுகளின் படங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. பிலிம் எரிந்தது, இளகியது, வெள்ளிக்காகக் கரைத்தார்கள். தங்கியவை இசைத்தட்டுகளும் பாட்டுப் புத்தகங்களும். மட்டமான காகிதம், அட்டையில் கலங்கிய படம், உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்ற கடைசி வரி, பிறகு பாட்டுகள். ஓரணா, இரண்டணா விலை. கொட்டகை வாசலில் வாங்கி மடித்துத் தறிமேடைக்குப் பக்கத்தில் செருகி வைப்பார்கள். கண் பார்த்தது போய்விட்டது, காது கேட்டது மிஞ்சியிருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த ஊரில் பழைய தறி வீடுகளை இடித்துக் காங்கிரீட் போடுகிறார்கள். பரணில் இருப்பதெல்லாம் பழைய பேப்பர்காரர் வண்டிக்குப் போகிறது. அதில் பாட்டுப் புத்தகமோ கதைவசனப் புத்தகமோ அரக்குத் தட்டோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களிலிருந்து முளைத்தது அது. கொடுத்தால் வாங்கிப் பாதுகாப்பார்கள். உங்களுக்குக் கொடுக்க மனமில்லை என்றால் உங்கள் வீட்டிலேயே காய்ந்த இடத்தில் வையுங்கள், அதுவும் போதும்.

எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்த பாட்டுப் புத்தகங்களைக் கொண்டு வந்திருக்கிறேன். நைனா வாங்கியவை. இரண்டில் இன்னும் சாயம் ஒட்டியிருக்கிறது, அவர் விரல் பட்டது. மேடைக்கு இடது பக்க மேசையில் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். காபி குடித்த கையைத் துடைத்துக்கொண்டு தொடுங்கள்.